பேர் வெட்டாத தகடு

அடி சொம்புக்கடை,

நேற்று வில்லியனூரில் உங்கள் கடைக்குப் போயிருந்தேன். என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். சீர் வைக்க ஒரு எவர்சில்வர் குடமும் அடுக்குப் பாத்திரமும் வேண்டியிருந்தது. குடத்தைத் துடைத்து முன்னால் வைத்ததும் உன் அண்ணன் வழக்கம்போல, "பேரு இன்னா போடணும்மா?" என்று கேட்டார். இப்போதெல்லாம் உளியும் சுத்தியும் இல்லை, கரண்டில் ஓடுகிற மிஷின் வந்துவிட்டது. அது குடத்தின் கழுத்தில் பட்டு 'ட்ர்ர்ர்' என்று கத்தியதும் என் இடது கால் கூசிப்போயிற்று. கால் கூசியதா, மனசு கூசியதா, எனக்கே தெரியவில்லை. எழுந்து வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். உன் அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, அவ நெனப்பா?" என்றார்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. பஸ் ஏறினால் உன் வீடு, வாயைத் திறந்தால் பேச்சு, கடிதம் எதற்கு? இப்போது பஸ் போகாத ஊருக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். எழுதித்தான் ஆகவேண்டும். என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்று சொல்வாயே, பரவாயில்லை, படி.

டவுன் காலேஜில் முதல் நாளே நாம் சண்டை போட்டுத்தான் சிநேகிதம் ஆனோம். ஜன்னலோர இடம் உனக்கா எனக்கா என்று சண்டை. நீ என்னைக் 'கரும்புக்காரி' என்றாய், நான் உன்னைச் 'சொம்புக்கடை' என்றேன். மூன்று தலைமுறையாகப் பாத்திர வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண், கணக்கு வழக்கு எல்லாம் விட்டுவிட்டு ஆசிட் பாட்டில்களோடு குடித்தனம் நடத்தப் போகிறாய் என்று அப்போது யாருக்குத் தெரியும்? நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் செலியமேட்டில் வாழ்க்கைப்பட்டுப் போனேன். நீ அதே காலேஜில் ரசாயனம் படித்து, அங்கேயே ஆய்வுக்கூடத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாய். உன் விரல் நுனியெல்லாம் நைட்ரிக் ஆசிட் பட்டு மஞ்சளாகிக் கிடக்கும். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "டவுன்ல வேலைக்குப் போற பொண்ணு, கைக்கு மஞ்ச பூசறத மறக்கல பாரு" என்று மெச்சினார். நீ வாயை மூடிக்கொண்டு அந்தப் புகழை வாங்கிக்கொண்டாய். கள்ளி!

என் கால் உடைந்தது எழுபதுகளில், கரும்பு வெட்டு சமயத்தில். வண்டியில் அளவுக்கு மேல் கரும்பு ஏற்றியிருந்தார்கள். மேட்டில் ஏறும்போது கயிறு அறுந்து ஒரு பக்கம் முழுவதும் சரிந்தது. கீழே நின்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தவள் நான்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெரிய டாக்டர் நல்ல மனுஷர். என் மாமியார் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில் அவரை "முசே, முசே" என்றுதான் கூப்பிடுவார். காலைத் திறந்து, உடைந்த எலும்பின் மேல் எவர்சில்வர் தகடு ஒன்றை வைத்து ஸ்க்ரூ போட்டு முறுக்கி மூடினார். கொஞ்ச நாளில் நடக்கலாம் என்றார். நானும் கட்டிலில் கிடந்தபடியே அறுவடைக்கு ஆள் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் கால் ஆறவில்லை. மேலே தையல் ஆறியது, உள்ளே ஆறவில்லை. ஈரக் காற்று அடித்தால் குடைச்சல். அப்புறம் சிவந்தது, வீங்கியது. கடைசியில் ஒரு சின்ன ஓட்டை விழுந்து கறுப்பாக நீர் கசிய ஆரம்பித்தது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி கத்தி. தகட்டை எடுத்துவிட்டார்கள். டாக்டர் அதைத் துணியில் சுற்றி என் வீட்டுக்காரர் இவர் கையில் கொடுத்து, "சில பேரு ஒடம்புக்கு மெட்டல் ஒத்துக்காதுங்க" என்றாராம். எலும்பு பாதிதான் கூடியிருந்தது. புண் நன்றாக ஆறிய பிறகு இன்னொரு தகடு வைத்துப் பார்க்கலாம். அதுவும் இதே மாதிரி சீழ் பிடித்தால் காலையே எடுக்க வேண்டிவரலாம். தகடே வைக்காமல் விட்டால் கட்டையை ஊன்றிக்கொண்டு காலத்தை ஓட்டலாம். எது வேண்டும் என்று யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. என் மாமியார் ஒரே பிடியாக நின்றார். "இரும்பு சனியோட பொருளு. சனியத் தூக்கி எலும்பு மேல வச்சுத் தச்சா சும்மா உடுமா?" என்றார். எள் விளக்குப் போட்டார், காக்கைக்குச் சோறு வைத்தார். இவர் வழக்கம்போல வாயே திறக்கவில்லை. எனக்கோ வேறு மாதிரி ஆகிவிட்டது. சனியைக்கூட நான் குற்றம் சொல்லவில்லை. என் உடம்புதான் கெட்டது, ஊரில் எல்லார் உடம்பும் ஏற்றுக்கொள்கிற ஒன்றை என்னுடையது மட்டும் துப்புகிறது என்று நம்பிவிட்டேன். குளிக்கும்போது என் காலை எனக்கே தொடப் பிடிக்கவில்லை. இன்னொரு தகடு வேண்டாம், கட்டையோடு இருந்துகொள்கிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

நீ அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தாய். வந்ததும் என்னைப் பார்த்து, "இன்னாடி கரும்புக்காரி, சக்கையாட்டம் கெடக்கற?" என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அலமாரியில் துணியில் சுற்றிக் கிடந்த தகட்டை எடுத்துக் கொடுத்தேன். என்னைக் கெடுத்தது எது என்று நீ பார்த்துக்கொள் என்கிற வீம்பில்தான் கொடுத்தேன். நீ அதை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாய். அப்புறம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் காட்டினாய். தகட்டின் நடுவில் ஆஸ்பத்திரியின் பெயர் எழுத்துகள் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தன. துரு அந்த எழுத்துகளில்தான் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்துதான் பழுப்பு சுற்றிலும் பரவியிருந்தது. ஓரமெல்லாம் அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது.

"இது எங்க அண்ணன் கைடி" என்றாய்.

நம் பக்கத்தில் பேர் வெட்டாத பாத்திரம் ஏது? கல்யாணத்துக்கு இரவல் கொடுத்தால் திரும்பி வரவேண்டாமா? கோயில் அண்டாவிலிருந்து குழந்தையின் பால் டம்ளர் வரை பேர் வெட்டித்தான் வைப்போம். அந்த ஆஸ்பத்திரியிலும் சாமான் காணாமல் போகிறது என்று ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர் யோசித்திருக்கிறார். கத்தரி, இடுக்கி, தட்டு எல்லாவற்றிலும் உங்கள் கடையில் பேர் வெட்டச் சொல்லியிருக்கிறார். அதோடு சேர்த்துத் தகடுகளையும் அனுப்பிவிட்டார். தேயாமல் இருக்கவேண்டும், நன்றாக ஆழமாக வெட்டுங்கள் என்று வேறு சொல்லியிருக்கிறார். உன் அண்ணனும் சிரத்தையாக, கை வலிக்க வலிக்க வெட்டிக் கொடுத்திருக்கிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

"எவர்சில்வருக்குத் துருவே புடிக்காதுன்னு சொல்வாங்களே?" என்று இவர் கேட்டார். அன்றைக்கு இவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அதுவும் இரும்புதான், அண்ணா. மேல கண்ணுக்குத் தெரியாத தோலு ஒண்ணு இருக்குது. அந்தத் தோலுதான் அதக் காப்பாத்துது. தகடு செய்யறவன் நல்லா பாலிஷ் போட்டு, ஆசிட்ல முக்கி எடுத்து, அந்தத் தோல கெட்டியாக்கித்தான் அனுப்பறான். நாம அது மேல உளிய வச்சு அடிச்சிட்டோம். வெளிய இருந்தா காத்து பட்டுத் தோலு திரும்ப வளந்துடும். ஒடம்புக்குள்ள இருக்கறது உப்புத் தண்ணி. அங்க அவ்ளோ சுலபமா வளராது" என்றாய். அப்புறம், "உளியோட இரும்புத் துகளு வேற அந்த எழுத்துக்குள்ள ஒட்டிக்கினு இருந்திருக்கும். மொதல்ல துரு புடிச்சது அதுவாத்தான் இருக்கும். இருங்க, பாத்துட்டே சொல்றேன்" என்று அப்போதே வில்லியனூருக்குப் பஸ் பிடித்து ஓடினாய்.

மறுநாள் காலையில் இரண்டு புதுத் தகடுகளோடு வந்து நின்றாய். ஆஸ்பத்திரியிலிருந்து வெட்டக் கொடுத்திருந்தவற்றில் ஒன்று வெட்டி முடித்தது, ஒன்று வெட்டாதது. உன் அண்ணனிடம் கேட்காமலே எடுத்து வந்திருந்தாய். "அண்ணா, மாட்டுக் குளம்புக்குப் போடுவீங்களே, மயில்துத்தம் இருக்குதா?" என்று இவரிடம் கேட்டாய். இவர் கொட்டகையிலிருந்து ஒரு கட்டி கொண்டுவந்தார். கொட்டாங்குச்சியில் கரைத்தாய். உன் பையிலிருந்த குப்பியிலிருந்து ஒரு சொட்டு ஆசிட் விட்டாய். பஞ்சை அதில் நனைத்து இரண்டு தகட்டின் மேலும் தடவினாய். வெட்டாத தகடு நீலத் தண்ணீரோடு சும்மா கிடந்தது. வெட்டின தகட்டில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எழுத்துகள் மட்டும் ஒவ்வொன்றாகச் சிவந்து வந்தன.

"அட! செம்பு!" என்றார் இவர்.

"மயில்துத்தத்துல இருக்கற செம்பு, தோலு இல்லாத இரும்பு மேலதான் வந்து ஒக்காரும். உளி தன் இரும்ப உட்டுட்டுப் போயிருக்குது, பாருங்க" என்றாய். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "இதோ பாரு. உன் கால் கெட்டதுக்கு இது மட்டுந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். அடுத்த தகடு நிச்சயமா ஒத்துக்கும்னும் சொல்ல மாட்டேன். ஆனா உன் ஒடம்பு எந்தத் தப்பும் பண்ணலடி. அத மட்டும் எங்க வேணா வந்து சொல்வேன்."

அப்போது நான் எப்படி அழுதேன் என்று உனக்குத் தெரியும். கால் உடைந்தபோதுகூட அப்படி அழவில்லை. அது துக்கத்து அழுகை இல்லை. மாசக் கணக்காக என் உடம்போடு நானே பேசாமல் இருந்தேன். அந்த வழக்கு அன்றைக்குத் தீர்ந்தது. என் மாமியார் எல்லாவற்றையும் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்போ சனி மேல குத்தம் இல்லியா?" என்று கேட்டார். "இல்லம்மா, உளி மேலதான்" என்றாய். அவர் கொஞ்சம் யோசித்து, "சரி, நீ உன் கையால குளிப்பாட்டிக் குடுத்தா வச்சுக்கட்டும். அந்தக் கடைக்காரன் கைக்கு மட்டும் போவக் கூடாது" என்றார். அந்தக் கடைக்காரன் உன் அண்ணன் என்பது அவருக்குத் தெரியாது. நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய்.

அதற்கப்புறம் நீ செய்ததுதான் பெரிய காரியம். வெட்டின தகட்டைத் தூக்கிக் குளத்தில் போட்டுவிட்டு, இனிமேல் வெட்டாதே என்று அண்ணன் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். விஷயம் வீட்டோடு போயிருக்கும். நீ உன் அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றாய். ஏற்கெனவே எத்தனை பேர் காலில் அந்த எழுத்து இருக்கிறதோ, அவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்றாய். டாக்டர் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாராம். கோபப்படவில்லையாம், எல்லாரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சரி என்றாராம். ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு, "இனிமே பேரு பெட்டி மேல இருக்கட்டும், தகட்டுல வேணாம்" என்றாராம். அந்த மனுஷரும் பாவம், நடுங்கிப் போய்விட்டாராம். உன் அண்ணன்தான் வெளியே வந்ததும் வெடித்தார். "கேட்டா வெட்டிக் குடுக்கறது என் தொழிலு. நான் இன்னா கண்டேன்? கூடப் பொறந்தவளே கடை பேர கெடுத்துட்டியே" என்றார். அதோடு உன்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு, மாசக் கணக்கில் பேசாமல் இருந்தார். நீ அதை என்னிடம் சொல்லவே இல்லை. உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு வைக்கவேண்டிய தகட்டை டாக்டர் உன்னை நம்பி உன் கையில் கொடுத்தார். ஆபரேஷன் மேஜையில் வைத்து வளைத்தால் மறுபடி கீறல் விழும் என்று நீ சொன்னாய். அவரும் எக்ஸ்ரே படத்தை வைத்து, முன்கூட்டியே என் எலும்பின் வளைவுக்கு வளைத்துக் கொடுத்தார். அதை ஆய்வுக்கூடத்தில் பாலிஷ் போட்டு, கழுவி, கண்ணாடித் தட்டில் வெதுவெதுப்பான ஆசிட்டில் ஊறவைத்தாய். கூடவே அதே எவர்சில்வரில் ஒரு துண்டையும் ஊறவைத்தாய். மயில்துத்தப் பரீட்சை எல்லாம் அந்தத் துண்டுக்குத்தான். "உன் காலுக்குப் போறதுல என் விரல்கூடப் படாது" என்றாய். துண்டில் ஒரு புள்ளி செம்புகூட உட்காரவில்லை என்று சொல்ல, வேலை நாளில் லீவு போட்டுவிட்டு மூச்சிரைக்க வந்தாயே, அந்த முகம் எனக்கு அப்படியே இருக்கிறது.

இரண்டாவது தகடு வைத்த பிறகு ஒரு மழைக்காலத்தைத் தாண்டவேண்டியிருந்தது. முதல் தடவை ஈரத்தில்தானே ஆரம்பித்தது? ஐப்பசி பிறந்ததிலிருந்து காலையில் எழுந்ததும் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பேன். இவரும் பார்க்காத மாதிரி பார்ப்பார். மழை கொட்டியது, வாய்க்கால் நிரம்பியது, வயலெல்லாம் வெள்ளக்காடு. கால் அது பாட்டுக்கு இருந்தது. தையில் நான் வெறுங்காலோடு வரப்பில் நடந்து கரும்புத் தோட்டம் வரை போனேன். ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். "இன்னா வேடிக்கை? வெட்டுங்க" என்று அதட்டினேன். அதட்டின சந்தோஷத்தில் அப்பாடா என்று அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வருஷம் வில்லியனூர்த் தேருக்கு நானே நடந்து வந்தேன். உங்கள் கடை வாசலில் வந்து நின்றேன். நீ உள்ளே இருந்தாய், உன் அண்ணன் கல்லாவில் இருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். இரண்டு அடி முன்னால் வைத்து, இரண்டு அடி பின்னால் வைத்துக் காட்டினேன். கொஞ்சம் திமிராகத்தான் காட்டினேன். அவர் எழுந்து வந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அப்புறம் திரும்பி, உன்னைப் பார்த்து, "ஏய், அவங்களுக்குக் காப்பி வாங்கியாரச் சொல்லு. நீயும் குடி" என்றார். நீ உள்ளே ஓடிப்போய் ரொம்ப நேரம் வரவே இல்லை. காப்பி ஆறிப்போயிற்று.

நீ இவ்வளவு சீக்கிரம் போவாய் என்று யார் நினைத்தோம்? மார்பில் கட்டி என்றார்கள். உன் உடம்புக்குள் நடந்ததை ஒரு சொட்டு மயில்துத்தம் வைத்துப் பார்க்க முடியவில்லை. உன்னை எடுத்தபோது நானும் பின்னால் நடந்தேன். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்றார்கள். நின்றுவிட்டேன். உன் அண்ணன் கொள்ளிச் சட்டியோடு திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

போன வாரம் வரப்பில் வழுக்கி விழுந்தேன். ஒன்றும் இல்லை, சுளுக்குதான். இருந்தாலும் இவர் பயந்துபோய் டவுனுக்கு இழுத்துப் போய்ப் படம் எடுக்க வைத்தார். இப்போது அங்கே இருப்பவர் சின்ன டாக்டர். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷமாவா உள்ள இருக்குது? எலும்பு அழகா கூடியிருக்கே, சுத்தி ஒரு கறைகூட இல்லியே" என்று ஆச்சரியப்பட்டார். "இனிமே இதுக்கு வேலையில்ல. வேணும்னா எடுத்துடலாம்மா" என்றார். "இருக்கட்டும் டாக்டர், அது எனக்குத் தொந்தரவு பண்ணல, நானும் அதுக்குப் பண்ணல" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். "டாக்டரே எடுத்துடலாம்னு சொல்றாரு, நீ ஏன் வேணாங்கற?"

"எனக்கு முன்னாடி நீங்க கெளம்பிடலன்னா ஒரு வேலை செய்யணும்" என்றேன். "என்னை எரிச்ச மறுநாள் பால் தெளிக்கப் போவீங்க இல்ல, எலும்போட அதுவும் கெடக்கும். அது வேகாது. பாத்து பயந்துடாதீங்க, தனியா எடுத்தும் வைக்காதீங்க. பனித்திட்டுக் கடல்ல கரைக்கறப்போ சேத்தே போட்டுருங்க."

"வெளக்கு வைக்கற நேரத்துல இன்னா பேச்சுடி இது" என்று திட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

எனக்கு அதில் பயமே இல்லை. எப்போது தகட்டை வெளியே எடுப்பார்கள் என்று ஒரு காலத்தில் தவித்தவள், இன்று அது என்னோடேயே இருக்கும் என்று தெரிந்துதான் நிம்மதியாகத் தூங்குகிறேன். உன்னோடு நான் தெருமுனை வரைதான் வர முடிந்தது. நீ என்னோடு கடல் வரைக்கும் வரப்போகிறாய், அடி.